தொட்டியடிப் படம் யாருக்குச் சொந்தம்

என் கையெழுத்து ரொம்ப நாள் என் வீட்டுக்காரரின் பைக் சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னக் குச்சி. அதைக் கம்ப்யூட்டரில் சொருகி ரகசிய எண்ணைத் தட்டினால் ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். துணைத்தலைவருக்கும் அதேபோல ஒன்று உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் எந்தப் பில்லும் பாஸாகும். ஊரில் அதைக் ‘கீ’ என்போம்.

தலைவர் நான்தான். எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, குடும்பத்தில் யாரை நிறுத்தலாம் என்று ஆண்கள் உட்கார்ந்து பேசி, பன்னிரண்டாவது வரை படித்திருந்த என்னை நிறுத்தினார்கள். ஜெயித்த அன்று மாலை விழுந்தது என் வீட்டுக்காரரின் கழுத்தில். நான் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். துணைத்தலைவரும் வெளியாள் இல்லை, என் மாமனாரின் தம்பி. நான் அவரைச் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். ஆக, ஊராட்சியின் இரண்டு கீயும் அடுத்தடுத்த இரண்டு வீட்டில் இருந்தன, இரண்டும் ஆம்பிளைகள் கையில்.

எங்களுடையது பரளச்சிப் பக்கம், மழையை நம்பிய கரிசல். மழை பொய்த்தால் ஊருக்கு மிஞ்சுவது சீமைக்கருவேலம்தான். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லோடு அனுப்புவார்கள். என் வீட்டுக்காரரும் சின்ன மாமாவின் மகனும் அதில் கூட்டு. சின்ன மாமாவின் மகன் எனக்குக் கொழுந்தன் முறை. கோபம் வந்தால் கையில் எது இருக்கிறதோ அதால் அடிக்கிற ஆள். ஒரு கல்யாண வீட்டில் சாம்பார் வாளியால் சமையல்காரரை அடித்தான். ஊரே அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லும். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

கேமரா வாங்க வேண்டும் என்று முதலில் கேட்டது ஜனங்கள்தான். ஆடு களவு போனது, தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் வயரை எவனோ அறுத்துக்கொண்டு போனான். கிராமசபையில் தீர்மானம் போட்டோம். தொட்டியடியில் ஒன்று, பஸ் நிற்கிற இடத்தில் ஒன்று, ஊராட்சி ஆபீஸ் வாசலில் ஒன்று. விதிப்படி மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி அதில் குறைந்ததை எடுக்க வேண்டும். செயலர் மூன்று தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். மூன்று லெட்டர்பேடு, மூன்று சீல். ஆனால் பிரிண்டரில் ஏதோ கோளாறு போல, ஒரு கறுப்புக் கோடு மூன்று தாளிலும் ஒரே இடத்தில் மேலிருந்து கீழே ஓடியிருந்தது.

“மூணும் ஒரே கடையா சார்?” என்று கேட்டேன்.

“விதிக்கு மூணு தாளு வேணும்மா. மூணு தாளு இருக்குல்ல?” என்றார். கடைக்காரர் சின்ன மாமாவின் மச்சினன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மூன்று கேமராவின் படமும் போய்ச் சேருகிற பெட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. ஊராட்சி ஆபீஸ் ஒழுகும், கரண்டு போனால் இன்வெர்ட்டர் கிடையாது. சின்ன மாமா வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஏசி இருக்கிறது, எந்நேரமும் ஆள் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும் என்று எல்லா உறுப்பினரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஊரைக் கண்காணிக்கிற பெட்டியை ஊரிலேயே கண்காணிக்க வேண்டிய வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம். டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

வேலை உத்தரவை நான் பிறகுதான் முழுதாகப் படித்தேன். கம்பத்தின் உயரம் இருந்தது. வயரின் நீளம் இருந்தது. கம்பத்தடியில் போட வேண்டிய காங்கிரீட்டின் கலவைகூட இருந்தது. எடுக்கிற படம் யாருக்குச் சொந்தம், பாஸ்வேர்டு யாரிடம் இருக்க வேண்டும், யார் கேட்டால் கொடுக்க வேண்டும், எத்தனை நாள் அழியாமல் வைக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அதற்கப்புறம் திருச்சுழியில் தலைவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒரு பெண். “கம்ப்யூட்டர் சாமான் வாங்குறப்ப சாமானை மட்டும் பார்க்காதீங்க, அதுல சேருற தகவல் யார் கையில இருக்கும்னு முதல்லயே ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க” என்றார். பிறகு, “உங்க கீ எல்லாம் எங்கே? எடுத்துக் காட்டுங்க” என்றார். பெண் தலைவர்களில் ஒருத்தி கையிலும் இல்லை. வெளியே மரத்தடியில் நின்ற புருஷன்மார்களின் பாக்கெட்டில் இருந்தன. “தாலியைக் கழற்றி இன்னொருத்தர்கிட்டக் கொடுத்து வைப்பீங்களா?” என்று அந்த அம்மா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரித்து முடித்தபின் உள்ளுக்குள் எரிந்தது.

அந்தக் கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தது. தொட்டியைத் திறந்து மூடுகிற ஆபரேட்டர் சர்ச் தெருக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணே என்பேன். என் மாமியாருக்கு அது பிடிக்காது. ஒருநாள் அந்த அண்ணன் வந்து, “தலைவரம்மா, மெயின் லைன்ல ஓட்டை போட்டு மூட்டத்துக்குத் தண்ணி இழுத்திருக்காக. கரிய அணைக்க அம்புட்டுத் தண்ணியும் போகுது. எங்க தெருவுக்கு நாலு நாளா சொட்டுக்கூட வரல” என்றார்.

“யாரு இழுத்தது?”

அவர் தரையைப் பார்த்தார். “நீங்களே வந்து பாருங்கம்மா.”

போய்ப் பார்த்தேன். கொழுந்தனின் மூட்டம். பூமிக்கடியில் பைப் பதித்து முள்ளைப் போட்டு மூடியிருந்தான். குடிக்கிற தண்ணீர் கரியின் மேல் விழுந்து புகையாகப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே, “வெட்டிவிட்ருங்கண்ணே. யாரு கேட்டாலும் தலைவர் சொன்னாகன்னு சொல்லுங்க” என்றேன். அவர் வெட்டினார். சொல்லவும் செய்தார்.

இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில் தொட்டியைத் திறக்கப் போன அண்ணனை அடித்துப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் பிடிக்க முதலில் வந்த பெண்தான் பார்த்தாள். நான் ஓடியபோது தொட்டித் தூணுக்குக் கீழே, சேற்றில் கிடந்தார். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாயில் ரத்தமும் பல்லும். வலது முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வால்வைத் திருகுகிற அவருடைய நீளக் கம்பி பக்கத்தில் வளைந்து கிடந்தது. அதாலேயே அடித்திருந்தார்கள். என்னைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்த்தார். வந்தது காற்றுதான்.

என் வீட்டுக்காரர் முந்தின சாயங்காலமே, காரியாபட்டிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லிக் கிளம்பியிருந்தார். போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் நானே ஏறினேன். மதுரை போகிறவரை அண்ணனின் மனைவி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார். வண்டி குலுங்குகிறபோதெல்லாம் அண்ணன் மாடு மாதிரி கத்தினார். அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். பேச முடியாது, எழுதவும் தெரியாது. எங்கள் பக்கத்து ஸ்டேஷனில் ‘தொட்டி ஏணியில் ஏறியபோது வழுக்கி விழுந்தார்’ என்று எழுதிவிட்டார்கள். பார்த்ததாகச் சொல்ல இரண்டு பேர் கிடைத்தார்கள், இருவரும் கரிமூட்டத்தில் வேலை செய்கிறவர்கள். அண்ணனின் மனைவி ஆஸ்பத்திரி வராண்டாவில் என் கையைப் பிடித்தார். “நீங்க வெட்டச் சொன்னீக, அவுக வெட்டுனாக. இப்ப ஏணியில இருந்து விழுந்தாகன்னு எழுதிப்புட்டாக. கேமரா இருக்குல்லம்மா? அதுல இருக்கும்லம்மா?”

“இருக்கும். எடுத்துத் தாரேன்” என்றேன். அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை கிடையாது.

சின்ன மாமாவிடம் கேட்டேன். அவர் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே, “பெட்டி இருக்கு தாயி. பாஸ்வேர்டு கடைக்காரன்கிட்டல்ல இருக்கு? அவன் திருப்பூரு போயிருக்கானாம்” என்றார். கடைக்குப் போன் பண்ணினேன். வேலை செய்கிற பையன் எடுத்தான். எப்போது வருவார் என்று அவனுக்குத் தெரியவில்லை. பெட்டியில் படம் எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டேன். “ஒரு மாசம் நிக்கும்க்கா. அதுக்கு மேல பழசு மேல புதுசு ஏறிக்கிரும்” என்றான். அண்ணன் அடிபட்டது, கோழி மேய்ந்தது, பஸ் வந்தது எல்லாம் அந்தப் பெட்டிக்கு ஒன்றுதான். நாள் வந்தால் அழித்துவிடும்.

ஒன்றிய அலுவலகத்துக்கு மனு எடுத்துப் போனேன். அதிகாரி நல்ல மனுஷன்தான், ஆனால் ஓய்ந்துபோன மனுஷன். வேலை உத்தரவை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். “பெட்டிய எங்க வைக்கணும்னு உங்க மன்றமே தீர்மானம் போட்டிருக்கீங்க. படத்தக் கேட்டா குடுக்கணும்னு கடைக்காரனுக்கு ஒரு நிபந்தனையும் இல்ல. நான் எந்த விதியக் காட்டி நோட்டீஸ் குடுப்பேன்?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “கடைசி பில் இன்னும் போகலேல்ல? உங்க கீ இல்லாம அது போகாது” என்றார். எனக்கு அது போதும்.

அன்று மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது பைக் சாவிக்கொத்திலிருந்து என் கீயைக் கழற்றினேன். திருச்சுழிக்குப் பஸ் ஏறி, பயிற்சி கொடுத்த இடத்திலேயே ரகசிய எண்ணை மாற்றினேன். என் பன்னிரண்டாவது தேர்வு எண்ணை வைத்தேன். கீயை என் மஞ்சள் கயிற்றில் தாலிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டேன். தொட்டியடிப் படம் என் கைக்கு வந்தால்தான் கேமரா பில்லில் கையெழுத்து என்று சின்ன மாமாவிடம் அவர் வீட்டு வாசலில் நின்றே சொன்னேன்.

அவர் ஊஞ்சலை நிறுத்தவில்லை. ஆனால் மறுநாள் என் வீட்டு வாசலில் முள் குவித்திருந்தார்கள், சீமைக்கருவேல முள், இடுப்பளவு. நான் வளர்த்த நாயை யாரோ கழுத்தை நெரித்து அதன் மேல் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “உனக்கு இது தேவையா?” என்று என்னைத்தான் கேட்டார். முதல் அடி அன்றைக்குத்தான் விழுந்தது. கன்னத்தில், அடுப்படியில் வைத்து. காது இரண்டு நாள் கொய்யென்று இரைந்தது. அதற்கு முன் அவர் என்னைத் திட்டியிருக்கிறார், அடித்ததில்லை. ஒரு கேமரா கடைக்காரன் பில்லுக்காக இந்த மனுஷனுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தன் சித்தப்பா பேச்சைத் தட்ட முடியாமல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸில் நடந்தது நல்ல வெயில் நேரம். எதிர்த்த ரேஷன் கடையில் வரிசை நின்றது. நான் உள்ளே போனபோது செயலரின் மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. சின்ன மாமாவின் கீ ஏற்கனவே சொருகியிருந்தது. பக்கத்து ஓட்டை காலியாக இருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் ஜன்னலோரம் நின்றான். செயலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து வாசலை மறித்தார்.

“கீயக் குடுத்துரு.”

“படத்தக் குடுக்கச் சொல்லுங்க, இந்தா குடுக்கேன்.”

அவர் என் முடியைப் பிடித்து வராண்டாவுக்கு இழுத்தார். கீயை நான் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டுவிரல் பிரியவில்லை. அதைப் பின்பக்கமாக மடக்கினார், ஒடிந்தது. சுள்ளி ஒடிகிற சத்தம்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கயிற்றோடு சேர்த்து இழுத்தார். கயிறு கழுத்தை அறுத்துக்கொண்டு வந்தது. தாலியும் கீயும் ஒன்றாக அவர் கையில் இருந்தன. கீயைக் கழற்றி உள்ளே எறிந்துவிட்டுத் தாலியைக் கீழே போட்டார். பழைய நம்பர் எடுக்கவில்லை என்று செயலர் உள்ளேயிருந்து சொன்னார்.

“நம்பரச் சொல்லு.”

“சொல்ல மாட்டேன்.”

என் தலையைத் தூணில் மோதினார். “நம்பரச் சொல்லுடி!”

“ஏங்க, என்னையக் கொன்னு போடுங்க. நம்பரு வராது.”

மறுபடி மோதினார். கண்ணுக்குள் ரத்தம் வந்துவிட்டது. ரேஷன் வரிசையில் நின்றவர்கள் பையையும் கார்டையும் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அங்கே என்னிடம் நூறு நாள் வேலைக்கு அட்டை வாங்கினவர்கள் இருந்தார்கள், வீட்டுக்குப் பட்டா வாங்கினவர்கள் இருந்தார்கள். ஒருத்தரும் ரோட்டைத் தாண்டவில்லை. இன்றைக்கும் அவர்கள் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் தரையில் கிடந்தபடி உள்ளே அவர்கள் பேசுவதைக் கேட்டேன். எண்ணை ஊகித்து ஊகித்து அடித்தார்கள். எங்கள் கல்யாண நாளை அடித்தார்கள், என் மகள் பிறந்த நாளை அடித்தார்கள். பிறகு என் வீட்டுக்காரர் செயலரிடம், “இவ பொறந்த தேதி என்ன?” என்று கேட்டார். பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன். செயலர் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொன்னார். அதுவும் இல்லை. தப்பான எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால் கீ தானாகவே பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது. புதிது வாங்க நானே நேரில் போய் முகம் காட்ட வேண்டும். கொழுந்தன் லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் விரலுக்குக் கட்டுப் போட்டுத் தலையில் தையல் போட்டார்கள். அடுத்த நாள் காலையில் ஊசி போட வந்த நர்சம்மா தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினார். “அக்கா, இது நீங்களா?”

நான்தான். ஆபீஸ் வாசல், மேலிருந்து எடுத்த படம். என் வீட்டுக்காரரின் வழுக்கை தெரிந்தது, நான் இழுபடுவது தெரிந்தது, தூணில் என் தலை படுவது தெரிந்தது. ‘தலைவரம்மாவுக்குப் பூசை’ என்று மேலே போட்டு, அழுது சிரிக்கிற பொம்மைகள் ஒட்டியிருந்தார்கள். ஊர்க் குரூப், சாதிக் குரூப், கரி வியாபாரிகள் குரூப் என்று சுற்றி, என் அம்மா வீட்டுக்கும் போய்விட்டது. போன் பண்ணினவர்கள் யாரும் விரலைப் பற்றிக் கேட்கவில்லை. “தாலிய அத்துட்டாராமே” என்றுதான் கேட்டார்கள்.

அவமானத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம்தான் உறைத்தது. எழுந்து உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு இல்லை, கடைக்காரன் ஊரில் இல்லை, பெட்டியைத் திறக்க முடியாது என்றார்களே, இந்தப் படம் எப்படி வெளியே வந்தது? அண்ணன் அடிபட்ட படத்துக்கு இல்லாத பாஸ்வேர்டு நான் அடிபட்ட படத்துக்கு மட்டும் ஒரே ராத்திரியில் கிடைத்திருக்கிறது. என்னை ஊர் முன்னால் கேவலப்படுத்துகிற ஆசையில் பெட்டி திறக்கும் என்று அவர்களே காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

மகளிர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரம்மா ஆஸ்பத்திரிக்கே வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். “ஆபரேட்டர் கேசு என்கிட்ட இல்ல, அத நான் தொட முடியாது. ஆனா உங்க வீட்டுக்காரரு மேல நீங்க புகார் குடுத்தா இது என் கேசு. உங்கள அடிச்ச படம் அந்தப் பெட்டியில இருக்கு. சாட்சியம்னு பெட்டியவே எடுத்துருவேன். உள்ள வேற என்ன இருந்தாலும் அதுவும் என்கூட வரும்.”

“பழசு அழியிறதுக்குள்ள எடுத்துருவீகளா?”

“இன்னைக்கே குடுத்தா இன்னைக்கே எடுப்பேன். அவர ரிமாண்டு பண்ண வேண்டி வரும்மா. யோசிச்சுக்கங்க.”

யோசிக்க நாள் இருக்கவில்லை. ஒரு மாசம் முடியப் போகிறது. என் மாமியார் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் வெளியே போனதும் என் காலைப் பிடித்துக்கொண்டார். “தாயி, அவன் பண்ணுனது தப்புத்தான். புத்தி கெட்டுப் போச்சு. ஆனா உள்ள தள்ளிறாத. ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கேன்.”

“பெட்டி வெளிய வரணும் அத்தை. அதுக்குத்தான் கேசு. பெட்டி கைக்கு வந்ததும் வாபஸ் வாங்கிர்றேன். என் பிள்ள மேல சத்தியம்.” அவர் என் காலை விட்டார். நான் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தில் போட்டுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அன்று மாலை ஜீப் போனது. சின்ன மாமா வீட்டில் பெட்டியைக் கழற்றும்போது கொழுந்தன் ஒரு போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்தான் என்று கேள்விப்பட்டேன். அதற்கு அவனுக்கு அங்கேயே கிடைத்தது. என் வீட்டுக்காரரைக் கரிமூட்டத்தில் வைத்துப் பிடித்தார்கள். ஊர்க் குரூப்பில் ‘புருஷனை உள்ளே தள்ளியவள்’ என்று என் போட்டோவைப் போட்டார்கள். பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டரம்மா ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். அன்றைக்கே என் புகாரை வாபஸ் வாங்கப் போவதாகச் சொல்லி மாமியாரையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் அன்றைக்கே மகன் வெளியே வந்துவிடுவான் என்று புளிச்சோறு கட்டி எடுத்து வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே பெட்டியை டிவியோடு இணைத்து வைத்திருந்தார்கள். “தொட்டியடிப் படம் இருக்கும்மா. தானா அழியட்டும்னு விட்டு வச்சிருக்காங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா அழிஞ்சிருக்கும்” என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு அண்ணனின் மனைவிக்கு உடனே போன் பண்ண வேண்டும் போல இருந்தது. “மொதல்ல பாருங்க. ஆளுகளை அடையாளம் சொல்லணும்.”

விடியல் வெளிச்சம், மங்கலான படம், சத்தம் கிடையாது. அண்ணன் சைக்கிளை நிறுத்துகிறார். கம்பியை எடுத்து வால்வுக் குழிக்குள் விடுகிறார். கொழுந்தன் வருகிறான், ஏதோ கேட்கிறான், அண்ணன் கையை விரித்துப் பதில் சொல்கிறார். கொழுந்தன் கம்பியைப் பிடுங்கி முதல் அடியை முழங்காலில் வைக்கிறான். அண்ணன் விழாமல் தடுமாறி நிற்கிறார், முகத்தை மறைக்கக் கையைத் தூக்குகிறார். அப்போது பின்னாலிருந்து இன்னொருவர் வந்து அந்த இரண்டு கையையும் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கி வைத்துக்கொள்கிறார், அண்ணன் முகம் அடிக்கு வாகாக நிற்கும்படி. அடி விழுகிறது. மறுபடி விழுகிறது. பிடித்திருந்தவர் பிடியை விடவே இல்லை. ரத்தம் தெறித்தபோது முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார், கேமரா இருக்கிற பக்கமாக.

இன்ஸ்பெக்டர் படத்தை நிறுத்தினார். “அடிக்கிறது துணைத்தலைவர் மகன். தெரியும். கையப் பிடிச்சிருக்கிறது யாரும்மா?” என்று கேட்டார். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

காரியாபட்டிக்கு லோடு போகவில்லை. சித்தப்பா பேச்சைத் தட்ட முடியாமல் என்னை அடிக்கவும் இல்லை. பில்லும் ஒரு காரணம் இல்லை. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என் விரலை ஒடித்திருக்கிறார்.

“எங்க வீட்டுக்காரரு” என்றேன்.

“எழுதிக்கிறவா?”

“எழுதுங்க.”

வெளியே வந்தேன். மாமியார் தூக்குவாளியோடு எழுந்து நின்றார். “வாபஸ் வாங்கிட்டியா தாயி? எப்ப விடுவாகளாம்?”

“என் கேச வாபஸ் வாங்குறேன் அத்தை, சத்தியம் பண்ணிருக்கேன். ஆனா அவுக வெளிய வர முடியாது. அந்த அண்ணன அடிக்கிறப்ப கையப் பிடிச்சிருந்தது உங்க மகன். படத்துல நல்லாத் தெரியுது.”

அவர் அதிர்ச்சி அடைவார், இல்லை என்று அடித்துப் பேசுவார், என்னைச் சபிப்பார் என்று நினைத்தேன். அவர் மறுபடி மரத்தடியில் உட்கார்ந்தார். புளிச்சோற்று வாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

“தெரியும் தாயி” என்றார். “நீ அவுகளோட ஆம்புலன்சுல போனப்ப வீட்டுக்கு வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். நாந்தான் தொவச்சேன்.”

என் காலைப் பிடித்தபோதும் அவருக்குத் தெரியும். நான் பிள்ளை மேல் சத்தியம் பண்ணியபோதும் தெரியும். அண்ணன் பேச முடியாமல் கிடந்த அந்த ஒரு மாசமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே தெரிந்து வைத்திருந்திருக்கிறார். நான் அவரை அடுத்த பஸ்ஸில் ஏற்றி, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தேன். பஸ் வளைவு தாண்டியதும் திரும்ப ஸ்டேஷனுக்குள் போய், “இன்னொண்ணு எழுதணும் மேடம், ரத்தச் சட்டையத் தொவச்சது யாருன்னு” என்றேன்.